வினா யாருடையது? நியூ ஜெர்சி – யாழ்ப்பாணம் – சென்னைத் தொடர்பில் கிறித்தவ இளையோரின் சமயத் தற்காப்புக் கல்வி

இன்றைய ஜெர்சி சிட்டியின் நடுவே பெர்கன் சதுக்கம் என்னும் சிறிய நாற்சந்தி உள்ளது. 1660ஆம் ஆண்டில் இடச்சுக் குடியேறிகள் அரணிட்டு அமைத்த பெர்கன் என்னும் சிற்றூரின் மையம் அது. நியூ ஜெர்சியின் மிகப் பழைய கிறித்தவச் சபை தோன்றியதும் அதே ஆண்டில் அவ்வூரிலேதான். இடச்சுச் சீர்திருத்தத் திருச்சபை மரபில் வளர்ந்த பிள்ளைகள் ஐடெல்பெர்க் வினாவிடையை மனனம் செய்வது வழக்கம். 1563இல் செருமனியில் உருவான அந்நூல் 129 வினாக்களையும் அவற்றிற்குரிய விடைகளையும் கொண்டது. ஆண்டின் 52 ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பகுத்து வைக்கப்பெற்றது. பெர்கன் சதுக்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நியூவர்க் அவென்யூவின் இந்தியக் கடைத்தெரு இருக்கிறது. அங்கே அரிசியும் பருப்பும் வாங்க வரும் தமிழ்க் குடும்பங்களுள் கிறித்தவக் குடும்பங்களும் உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் சமய பாடம் கற்கின்றனர். ஆனால் மற்ற ஆறு நாள்களில் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர்களை வந்தடையும் வினாக்கள் பாடப்புத்தகத்தில் அச்சிடப்பட்டவை அல்ல.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே கடல் கடந்து சென்று திரும்பிய ஒரு வரலாறு உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் வட ஆர்க்காட்டுக்கும் சென்ற அமெரிக்க மிஷனரிகள் தமிழ் இளைஞர்க்குத் தம் சமயத்தைக் காத்துப் பேசக் கற்பித்தனர். கற்றவர்களுள் சிலர் அக்கல்வியைக் கற்பித்தவர்க்கு எதிராகவே திருப்பினர். வினாவிடை நூலில் வினா ஆசிரியருடையது. விடை மட்டுமே மாணவனுக்கு உரியது. ஐயவாதியின் வினாவோ கேட்டவுடன் மாணவனின் சொந்த வினாவாக மாறிவிடக்கூடியது. வினாவின் உரிமை இவ்வாறு கைமாறிய சில கட்டங்களை இக்கட்டுரை நோக்குகிறது.

வினாவிடை வடிவமும் மறுப்பு மரபும்

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கமே வினாவிடையோடு பிணைந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகிய இரண்டும் அன்றிரீக்கு அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காகத் தமிழில் ஆக்கிய சமய போதனை நூல்கள். பின்னதில் ஆசிரியன் வினவ மாணாக்கன் விடையிறுக்கும் அமைப்பு காணப்படுகிறது. கேட்பவனுக்கு விடை முன்னரே தெரியும். சொல்பவனுக்கு ஐயமே எழுவதில்லை. புதிதாகச் சமயம் தழுவிய மக்களுக்கு அடிப்படைக் கோட்பாடுகளைக் கற்பிக்க அவ்வடிவம் போதுமானதாக இருந்தது.

மறுப்பு நூலின் இயல்பு வேறு. அங்கே எதிராளியின் வினாவை அவனுடைய சொற்களிலேயே எடுத்துரைத்தாக வேண்டும். தமிழில் அதற்கு நீண்ட மரபு உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையும், நீலகேசியும், சிவஞான சித்தியாரின் பரபக்கமும் அம்மரபின. தத்துவ போதகர் எனப்பெற்ற இராபர்ட் தெ நோபிலி 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் இம்மரபைக் கைக்கொண்டார். அவர் இயற்றிய 'தூஷண திக்காரம்' கிறித்தவத்தின்மேல் சுமத்தப்பட்ட பழிகளை எடுத்துக்காட்டி மறுப்பது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஆறுமுக நாவலர் கிறித்தவத்துக்கு எதிராக எழுதிய நூலுக்கு இட்ட பெயர் 'சைவ தூஷண பரிகாரம்'. தூஷணம் என்னும் ஒரே சொல் இரு தரப்பினர்க்கும் பயன்பட்டிருப்பது ஆயுதச் சாலை ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வேறொன்று செய்தார். 1712 முதல் அவரும் அவருடைய துணைவரும் தமிழறிஞர்க்குக் கடித வழியாக வினாக்கள் விடுத்து, அவர்தம் விடைகளைச் செருமன் மொழியில் பெயர்த்து ஆல்லே நகருக்கு அனுப்பினர். விடை தெரியாத வினாவை மிஷனரி கேட்டது அவ்வரலாற்றில் அருகியே நிகழ்ந்தது. சீகன்பால்கின் மேலிடத்தார் அவர் தொகுத்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை அச்சிட மறுத்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பிறர் சமயத்தை மிகுதியாக அறிவது இளையோர்க்குக் கேடு என்ற அச்சம் அன்றே இருந்தது.

பிரீகோல்டிலிருந்து பண்டத்தரிப்புக்கு

ஜான் ஸ்கடர் 1793இல் நியூ ஜெர்சியின் பிரீகோல்டு என்னும் ஊரில் பிறந்தார். 1811இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, நியூ யார்க்கில் மருத்துவம் கற்று, அங்கேயே தொழில் நடத்தினார். நோயாளி ஒருவர் வீட்டின் முன்னறையில் காத்திருந்தபோது கையிலெடுத்த ஒரு துண்டுநூல் அவர் வாழ்வைத் திருப்பியது என்பது அவர் குடும்பத்தார் போற்றிய செய்தி. 1819இல் கப்பலேறி, 1820 முதல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமும் போதனையும் செய்தார். 1836இல் அச்சகப் பணிக்காக மைரன் வின்சுலோவுடன் சென்னைக்கு மாறினார். அவர் மக்கள் பலரும் மிஷனரிகளாயினர். அவர்களுள் மூவர் 1853இல் நிறுவிய ஆர்க்காட்டு மிஷன் சில ஆண்டுகளில் சீர்திருத்தத் திருச்சபையின் நேரடிப் பொறுப்பில் வந்தது. அம்மிஷனுக்கு ஆள் பயிற்றிய இறையியல் கல்லூரிகளுள் நியூ ஜெர்சியின் நியூ பிரன்சுவிக் கல்லூரி முதன்மையானது. பெர்கனில் வினாவிடை ஓதிய அதே மரபு இவ்வாறு வேலூரிலும் ஆரணியிலும் வினாவிடை ஓதுவித்தது.

ஸ்கடரின் எழுத்துகளுள் இங்குக் குறிப்பிடத்தக்கவை அவர் அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களும் கதைகளும் ஆகும். தமிழ் மக்களின் வழிபாடுகளையும் வழக்கங்களையும் இருள் சூழ்ந்தவையாகச் சித்திரிக்கும் அந்நூல்கள் சிறுவர்க்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சிச் சிறுவன் ஒருவன் தமிழரைப் பற்றி அறிந்தது பெரும்பாலும் இத்தகைய நூல்களின் வழியாகவே இருந்திருக்கும். தன் விசுவாசத்தில் அவனை உறுதிப்படுத்தத் தமிழனின் அறியாமை ஒரு சான்றாக அவன்முன் வைக்கப்பட்டது. அத்தகைய சான்றின்மேல் நின்ற உறுதிக்கு, எதிரே இருப்பவன் வாய் திறக்காதவரை மட்டுமே வாழ்வு உண்டு. யாழ்ப்பாணத்தில் எதிரே இருந்தவர்கள் வாய் திறந்தனர்.

வட்டுக்கோட்டையின் இருமுனைக் கல்வி

அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, டானியல் பூவர் தலைமையிலும் பின்னர் ஹென்றி ஓய்சிங்டன் தலைமையிலும் அக்கால ஆசியாவின் சிறந்த கல்வி நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், தருக்கம், ஆங்கிலம், தமிழ் இலக்கணம், கிறித்தவ சமயச் சான்றுகள் ஆகியன ஒருங்கே கற்பிக்கப்பட்டன. கிறித்தவத்தின் உண்மையை வரலாற்றாலும் இயற்கை அமைப்பாலும் மெய்ப்பிக்க முயலும் நூல்கள் மிஷன் உயர்கல்வியில் எங்கும் பயிலப்பட்ட காலம் அது. ஐரோப்பிய ஐயவாதிகளுக்கு விடையாக எழுந்த அந்நூல்கள் ஐயவாதியையே கண்டிராத யாழ்ப்பாண இளைஞனுக்குப் பாடமாயின. விடையோடு வினாவும் கப்பலேறி வந்து சேர்ந்தது.

1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணம் பலராலும் எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி. வட்டுக்கோட்டையைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் குறித்த நேரத்துக்கும் பூவர் கணித்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தது. கிரகணம் பூவரின் கணக்குப்படி நிகழ்ந்தது. மிஷன் வரலாறுகள் இதனைப் புராண அண்டவியலின் வீழ்ச்சியாகக் கொண்டாடுகின்றன. அது சற்று மிகையான கூற்று. பஞ்சாங்கம் கணித்தவர் இராகு சந்திரனை விழுங்கும் நேரத்தை எதிர்பார்த்து வானத்தை நோக்கிக்கொண்டிருக்கவில்லை. அவரும் கணக்கு வைத்தே பார்த்தார்.  ஓய்சிங்டன் இதனை உணர்ந்தவர். 1848இல் தமிழ்க் கணித சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் யாழ்ப்பாணத்திலேயே வெளியிட்டார். சிவஞானபோதம் முதலிய சைவ சித்தாந்த நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைநாட்டுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. மறுக்க வேண்டிய சமயத்தை அதன் உயர்ந்த நூல்களில் கற்க வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. ஸ்கடரின் சிறுவர் கதைகளும் ஓய்சிங்டனின் மொழிபெயர்ப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தின் பயன்கள் என்பது வியப்பளிப்பது.

கிரகண நிகழ்ச்சியிலிருந்து மாணவர் கற்ற பாடம் ஒன்று உண்டு: சமய நூலின் கூற்றை அளவைகொண்டு சோதிக்கலாம். அது எந்த நூலோடு நிற்க வேண்டும் என்று செமினரியின் எந்த விதியும் வரையறுக்க இயலாது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழில் அறிவியலும் சமய விவாதமும் அருகருகே வெளிவந்தன. தம் சமயத்துக்கு விளக்கம் தர விரும்பிய சைவர்களும் அதனைப் படித்தனர், அதற்கு எழுதினர்.

நாவலரின் பரிகாரம்

ஆறுமுக நாவலர் வட்டுக்கோட்டையில் பயின்றவர் அல்லர். 1822இல் நல்லூரில் பிறந்த அவர் யாழ்ப்பாணம் வெசுலியன் மிஷன் பள்ளியில் பீற்றர் பார்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். விவிலியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்ட சைவ இளைஞர் ஒருவர், அந்நூலைப் பல கிறித்தவர்களினும் நன்கறிந்தவரானார். 1847 திசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் மிஷன் பணியை விட்டு விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

1854இல் வெளிவந்த 'சைவ தூஷண பரிகாரம்' மிஷனரிகள் நகைத்த ஒவ்வொரு சைவ வழக்கத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அதற்கு ஒப்பானதை விவிலியத்திலிருந்து காட்டுவது. கோயில், தீபம், தூபம், நீராட்டு, தீட்டு, பலி, புண்ணிய தலம் ஆகியன யாவும் பழைய ஏற்பாட்டில் உள்ளன. அவற்றை அங்கே ஏற்றுக்கொண்டு இங்கே பழிப்பது எவ்வாறு முறையாகும் என்பதே நூலின் அடிப்படை வாதம். விவிலியம் பொய் என்று நிறுவ நாவலர் முயலவில்லை. ஒரே அளவுகோலை இரு நூல்களுக்கும் வைக்குமாறு கேட்டார். இதற்கு விடை சொல்லக் கிறித்தவ இளைஞனின் கையில் இருந்த சான்று நூல்கள் உதவவில்லை. அவை கடவுள் உண்மையை மறுப்பவனுக்காக எழுதப்பட்டவை; கடவுளை வழிபட்டுக்கொண்டே கேள்வி கேட்பவனை அவை எதிர்பார்க்கவில்லை.

இதற்கு இணையான நிகழ்ச்சி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் நடந்தது. அங்கே ஆங்கிலிக்கப் பேராயர் கொலென்சோ விவிலியத்தைச் சுலு மொழியில் பெயர்த்தபோது, உடனிருந்து உதவிய வில்லியம் நிகிடி என்பவர் நோவாவின் வெள்ளம் உண்மையிலேயே நடந்ததா எனக் கேட்டார். அவ்வினா தம்மை விடவில்லை எனக் கூறி, 1862 முதல் ஐந்நூல்களின் வரலாற்றுண்மையை ஐயுறும் ஆய்வுகளைக் கொலென்சோ வெளியிட்டார். இங்கிலாந்துத் திருச்சபை கொந்தளித்தது. நேட்டாலில் உதவியாளரின் வினா பேராயரை மாற்றியது. யாழ்ப்பாணத்தில் பார்சிவல் மாறவில்லை. உதவியாளர் விலகிச் சென்று தமக்கென அச்சகம் வைத்தார்.

நாவலருக்கு மறுப்பாகக் கிறித்தவத் தரப்பில் 1857இல் 'சுப்பிரதீபம்' வெளிவந்தது. எழுதியவர் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை. 'கறல்' என்பது அமெரிக்கக் கொடையாளர் பெயரை மாணவனுக்குச் சூட்டும் மிஷன் வழக்கத்தின் எச்சம். செமினரி தன் இளைஞனைத் தற்காப்புக்கு அணியமாக்கியதன் நேரடிப் பயன் என்று சுட்டத்தக்க நூல் அது. ஆனால் அவ்வாசிரியரே பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார். அவரும், வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். கிறித்தவச் சூழலில் வளர்ந்த தாமோதரம்பிள்ளையும் சைவராகவே வாழ்ந்து, வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்துத் தமிழ் உலகின் நன்றிக்குரியவரானார். ஏடுகளை ஒப்பிட்டு மூலத்தைத் தேடும் ஆற்றல் முழுவதையும் வட்டுக்கோட்டை தந்தது என்பது பொருந்தாது. அக்கல்வி ஒன்றும் தரவில்லை என்பதும் பொருந்தாது. மிஷனின் கணக்கில் இழப்பாக எழுதப்பட வேண்டிய ஒருவர் தமிழின் கணக்கில் பெரும் வரவு.

எல்லாரும் விலகவில்லை. ஜே. ஆர். ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறித்தவராக இருந்தே 'உதயதாரகை'யை நடத்தினார். 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். சைவப் புலவர் வரலாறுகளை மதிப்போடு எழுதிய அவர், சமய உறுதிக்குப் பிறர்மேல் இகழ்ச்சி இன்றியமையாதது அன்று என்பதைத் தம் நூலால் காட்டினார். நாவலர் மறுத்தவரையும் இவரையும் ஒரே செமினரி உருவாக்கியது.

1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் செயலாளர் ரூபசு ஆண்டர்சன் உள்ளிட்ட குழுவினர் ஆங்கில உயர்கல்வி அரசு வேலைக்கு ஆள் சேர்க்கிறதேயன்றிச் சபைக்கு ஊழியரைத் தருவதில்லை எனக் கண்டு, தாய்மொழிக் கல்விக்கே முதலிடம் எனத் தீர்மானித்தனர். அறிவு மிகுந்தால் விசுவாசம் குறையும் என்ற கணக்கு அத்தீர்மானத்தின் அடியில் இருந்தது. யாழ்ப்பாணக் கிறித்தவர் அதனை ஏற்கவில்லை. அவர்தம் முயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தம் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கற்கும் ஆபத்தைப் பெற்றோர் தெரிந்தே ஏற்றுக்கொண்டனர் என்று இதனைக் கொள்ளலாம்.

இன்னொரு கைமாற்றமும் நிகழ்ந்தது. நாவலர் சைவச் சிறுவர்க்காகச் 'சைவ வினாவிடை' எழுதினார். அன்றிரீக்கு அடிகளார் கொணர்ந்த அச்சு வடிவம் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் சைவத்தின் உடைமையானது. இன்றும் சிட்னி, டொராண்டோ, நியூ ஜெர்சி ஆகிய இடங்களின் சைவக் குழந்தைகள் அவ்வடிவத்திலேயே சமய பாடம் பயில்கின்றனர்.

1887: மோரிசுடவுனும் சென்னையும்

1880களில் சென்னையில் எழுந்த அறைகூவல் வேறு வகையினது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவவிவேசினி' என்னும் தமிழ் இதழையும், உடனாக ஓர் ஆங்கில இதழையும் நடத்தினர். இலண்டனின் சார்லசு பிராட்லாவே அவர்களுக்கு முன்மாதிரி. இந்து சமயம், கிறித்தவம் இரண்டையும் அவர்கள் ஒருங்கே சோதித்தனர். 1887இல் சென்னையில் தோன்றிய இந்துத் துண்டுநூற் கழகத்தார் கடவுட் கொள்கை உடையவர்களாயினும், விவிலியத்தைத் தாக்க ஐரோப்பிய நாத்திகரின் வாதங்களைத் தயங்காது எடுத்தாண்டனர். தெருமுனையில் துண்டுநூல் வழங்கும் மிஷன் உத்தியும் அவர்களுடையதாயிற்று.

அதே 1887இல், ஜெர்சி சிட்டிக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோரிசுடவுனில் ஒரு வழக்கு நடந்தது. சி. பி. ரெய்னால்ட்சு என்னும் முன்னாள் போதகர் நாத்திகராகிக் கூடாரம் அடித்துக் கூட்டங்கள் நடத்தினார். பூன்டன் ஊரில் கூட்டத்தார் கூடாரத்தைத் தாக்கினர். தாக்கியவர்களை விடுத்து அவர்மேலேயே தெய்வ நிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டது. இராபர்ட் இங்கர்சால் அவருக்காக வாதாடினார். நடுவர் குழு குற்றவாளி எனத் தீர்க்க, நீதிமன்றம் 25 டாலர் தண்டம் விதித்தது. வாதுரை நூலாகிப் பல்லாயிரவரால் படிக்கப்பட்டது. நியூ ஜெர்சியில் சட்டத்தின் காவல் கிறித்தவத்துக்கு இருந்தது. சென்னையில் நாத்திகர் இதழ் நடத்தினர், எவரும் அவர்களைச் சிறையிலிடவில்லை. கேள்விகளோடு வாழப் பழகும் பயிற்சி அந்நாளில் சென்னை இளைஞனுக்கே மிகுதியாகக் கிட்டியது எனலாம்.

கிறித்தவத் தரப்பின் விடை பலவாறாக இருந்தது. 1844இல் இலங்கைக்கு வந்து பின் சென்னையில் நிலைத்த ஜான் மர்டாக் மலிவு விலை நூல்களைப் பெருமளவில் அச்சிட்டுப் பரப்பினார். தமிழ் நூல் வரலாறு எழுதுவோர் இன்று நாடும் அவருடைய 1865ஆம் ஆண்டின் அச்சு நூற்பட்டியல், தமிழ் மக்கள் எவற்றைப் படிக்கின்றனர் என மிஷனரிகள் அறிவதற்காகத் தொகுக்கப்பட்டது. பகைப்புலத்தை அளந்த படம் பின்னாளில் ஆய்வாளர்க்குக் கருவூலமானது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் வாதத்தைவிடக் கல்விச் சூழலின் மெல்லிய தாக்கத்தையே நம்பினார். உடனடி மதமாற்றத்தை இலக்காக வைக்காத அவர் கொள்கையைச் சக மிஷனரிகள் பலர் ஏற்கவில்லை.

தமிழ் மரபிலிருந்தே எழுந்த விடை எச். ஏ. கிருஷ்ணபிள்ளையுடையது. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து 1858இல் கிறித்தவரான அவர், 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். அக்காப்பியத்தைப் போற்றும் இலக்கிய வரலாறுகள் 1898இல் அவர் எழுதிய 'இரட்சணிய சமய நிர்ணயம்' என்னும் உரைநடை நூலைப் பெரும்பாலும் பெயரளவில் கடந்துவிடுகின்றன. மீட்பு எனப்படுவது யாது, அதனைத் தரும் சமயத்தின் இலக்கணங்கள் யாவை என வினவி ஆராயும் அந்நூல், ஐரோப்பியச் சான்று நூல்களின் நிழல் அன்று. சமயங்களை ஒப்பிட்டு நிர்ணயம் செய்யும் தமிழ் அளவை மரபில் வந்தது அது. தாமே ஒரு சமயத்தை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தவராதலின், வினா அவருடைய சொந்த வினா. அதனாலேயே அந்நூலில் வினாவிடைப் புத்தகங்களின் வறட்சி இல்லை.

சாதி என்னும் வினா

20ஆம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கம் இங்கர்சாலையும் பெர்ட்ரண்டு ரசலையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தது. ரசல் 1927இல் இலண்டனில் ஆற்றிய, தாம் கிறித்தவரல்லாமைக்குக் காரணம் கூறும் சொற்பொழிவு தமிழில் சிறுநூலாக மலிவு விலைக்குக் கிடைத்தது. ஆயினும் தமிழ்க் கிறித்தவ இளைஞனை உலுக்கியது முதற்காரண வாதத்தின் குறைபாடு அன்று. 'குடி அரசு' கேட்ட வேறொரு வினா அது: உங்கள் தேவாலயத்திலும் கல்லறையிலும் சாதிக்கு ஏன் தனி இடம்? வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவரும் அதன்மேல் எழுந்த வழக்குகளும் பலரும் அறிந்தவை. இதற்கு எந்தச் சான்று நூலிலும் விடை இல்லை. வாதத்தால் அன்றிச் செயலால் மட்டுமே விடையிறுக்கத்தக்க வினா அது; அவ்விடை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, சக்கரை, செஞ்சையா முதலிய சென்னைக் கிறித்தவச் சிந்தனையாளர் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டனர். இந்தியக் கிறித்தவன் தன் சமயத்தை மேனாட்டார் தந்த விடைகளைக்கொண்டு காக்க வேண்டியதில்லை, தன் அனுபவத்திலிருந்தே மறுபடியும் சிந்திக்கலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. சபைகள் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

நியூவர்க் அவென்யூவுக்கு மீள்தல்

1965இன் குடிவரவுச் சட்டமும், 1990இன் சட்டத்தால் உருவான பணி விசா முறையும் தமிழரை ஜெர்சி சிட்டிக்குக் கொணர்ந்தன. அங்கே இந்தியக் கிறித்தவ இளைஞனை நோக்கிய முதல் அறைகூவல் ஐயவாதியிடமிருந்து வரவில்லை. 1987இல் பொட்டு வைத்தவர்களைத் தாக்குவோம் என்று தம்மை அறிவித்துக்கொண்ட கும்பல் ஜெர்சி சிட்டியில் இந்தியரைத் தாக்கியபோது, அடிபடுபவன் எச்சமயத்தான் என எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டில் அண்டை நகரான ஹோபோக்கனில் தாக்கப்பட்டு இறந்தவர் ஒரு பார்சி. தோல் நிறமே சமயமாக வாசிக்கப்பட்டது. இன்றும் தமிழ்க் கிறித்தவப் பிள்ளையிடம் வகுப்புத் தோழர் கேட்கும் கேள்வி, நீ எப்போது மதம் மாறினாய் என்பதாகும். தூத்துக்குடிக் கடற்கரையில் 16ஆம் நூற்றாண்டு முதல் கிறித்தவராயிருக்கும் குடியில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு விடை சொல்ல வரலாறு தெரிய வேண்டும். பரிணாமம் பற்றிய வினாவுக்கு ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்துள்ளன. இவ்வினாவுக்கு ஞாயிறு பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கமும் இல்லை. அன்றிரீக்கு அடிகளாரையும் ஆர்னல்டையும் கிருஷ்ணபிள்ளையையும் அப்பிள்ளைகள் அறியும் வாய்ப்பு அரிது. அவர்தம் தற்காப்புக் கல்வி அமெரிக்கச் சபைகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக ஆக்கியது. அதில் இந்தியச் சமயங்கள் வரும்போது, ஸ்கடரின் சிறுவர் கதைகளின் தொனி சிலவிடத்து மாறாமல் இருக்கிறது. அதனைக் கேட்கும் பிள்ளை தன் பாட்டனின் உறவினரைப் பற்றியே கேட்கிறது.

புலம்பெயர் இந்திய இளையோரிடையே தற்காப்பு வாதத்தின் முகமாக விளங்கியவர் இரவி சக்கரியாசு. 1946இல் சென்னையில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்து, 1984இல் தம் பெயரால் நிறுவனம் கண்ட அவர், பல்கலைக்கழக அரங்குகளில் ஐயவாதிகளின் வினாக்களுக்கு நேரில் விடையிறுத்துப் புகழ்பெற்றார். வினாவை மாணவனே எழுந்து கேட்கலாம் என்பதே அவ்வரங்குகளின் ஈர்ப்பு. 2020இல் அவர் மறைந்தபின், 2021 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை அவர் பெண்களிடம் நெடுங்காலம் பாலியல் முறைகேடுகள் புரிந்ததை உறுதி செய்தது. நிறுவனமும் அதனை ஒப்புக்கொண்டது. அவர் நூல்களால் விசுவாசம் பெற்ற இளைஞர் பலர், வாதம் சரியாக இருந்தும் வாதிட்டவர் அவ்வாறு வாழ்ந்ததற்கு என்ன பொருள் எனக் கேட்டனர். வடக்கன்குளத்துச் சுவரை நோக்கிக் கேட்கப்பட்ட அதே வகை வினா அது.

மொழிச் சிக்கலும் ஒன்று உண்டு. நியூ ஜெர்சித் தமிழ்ச் சபைகளில் பெற்றோர் தமிழில் வழிபடுகின்றனர். பிள்ளைகளுக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பிள்ளையின் ஐயம் ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்திலேயே தங்குகிறது. தாயின் விசுவாசம் தமிழில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் சொல் வீட்டில் இல்லை. தற்காப்புக் கல்விக்கு எங்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனம். கேட்பவர்க்கு விடை கூற அணியமாயிருக்கப் பணிப்பது. பெரும்பாலான சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் விடை என்னும் பொருளில் அங்கே நிற்கும் சொல் 'உத்தரவு'. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் அதற்கு மறுமொழி என்று பொருள். ஜெர்சி சிட்டியில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு, அது தெரிந்த சொல்லாக இருந்தால், அதன் பொருள் கட்டளை.